யப்பானைக் காணாத யப்பானியப் புலவர்

பழைய யப்பானியக் கவிதைகளை மூலத்திற் படிப்பதற்குச் சில மாதப் பயிற்சி போதும் என்று ஒருவர் 1919ஆம் ஆண்டிலே எழுதிவைத்தார். இலக்கணம் எளிது, சொற்றொகுதி சிறிது என்பன அவர் காட்டிய காரணங்கள். அதனை நம்பிப் புத்தகத்தைத் திறந்தவர்களுள் நானும் ஒருவன். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே நான் அதைத் திறந்தேன். சில மாதங்கள் கழிந்தன. பல மாதங்களும் கழிந்தன. முதற் சில பக்கங்களைத் தாண்ட நான் பட்ட பாட்டை நினைக்குந்தோறும் அந்த எழுத்தாளர்மீது சினம் மூண்டது. எளிது, எளிது என்று சொல்லியே கடினமானதைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் உபாயம் எனக்குத் தெரியாததன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனை நானும் கையாண்டவனே. ஆயினும் இவர் செய்தது உபாயமா, அன்றி உள்ளபடியே அவ்வாறு எண்ணினாரா என்பதை அறியாமல் மனம் அமையவில்லை. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தது அதன் பொருட்டே.

அவர் பெயர் ஆதர் வேலி. வேலி என்றதும் நம்மவர் மனக்கண்முன் கிடுகுவேலியே வந்து நிற்கும். இது அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆந் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்து ரன்பிறிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரிலே பிறந்தபோது அவர் ஆதர் டேவிட் சுலொஸ். தந்தை பொருளியல் கற்ற அரசாங்க உத்தியோகத்தர், யூத குலத்தவர். 1914இல் ஜேர்மனியோடு போர் மூண்டதும் ஜேர்மன் ஒலியுடைய பெயர்கள் இங்கிலாந்திலே வெறுப்புக்கு ஆளாகவே, குடும்பத்தினர் தாயின் பெயரை ஏற்றுக்கொண்டனர்.

யப்பானியக் கவிதையை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிகிறோம். ஐக்கூ என்று தமிழிலே எழுதிக் குவிக்கப்படுவனவற்றுக்கும் யப்பானிய மூலத்துக்கும் இடையே ஆங்கிலம் என்னும் ஆறு ஓடுகின்றது. அந்த ஆற்றைக் கடந்து அக்கரையை ஒருமுறையாவது மிதிக்கவேண்டும் என்னும் ஆசையே என்னை இம்முயற்சியிற் செலுத்தியது. ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் அந்த அக்கரை வெறும் பனிமூட்டமாகவே இருந்தது. அதனை அவர்கள் கண்ணுக்குத் தெரியச் செய்தவர்களுள் வேலி தலையாயவர்.

றக்பி பாடசாலையிற் பயின்ற அவர் 1907இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்தார். கிரேக்கமும் இலத்தீனும் அவருக்குரிய பாடங்கள். 1910இல் முதற்பகுதித் தேர்விலே முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அடுத்த படி கல்லூரியிலேயே அமர்ந்து புலமைத்தொழில் புரிவது. அவரைப் போன்ற மாணாக்கருக்கு அக்காலத்தில் அது ஏறக்குறைய உறுதியான வழி. அப்பொழுதுதான் கண் பழுதாயிற்று.

கருவிழி மெல்லமெல்லக் கூம்பு வடிவாகப் புடைத்து வரும் நோய் அது. ஒரு கண்ணின் பார்வை பெரிதும் குன்றியது. மற்றக் கண்ணையேனும் காக்க வேண்டுமாயின் படிப்பை விடவேண்டும் என்னும் நிலை. இருபத்தொரு வயது இளைஞன், படிப்பதையன்றி வேறொன்றும் அறியாதவன், படிக்காதே என்னும் கட்டளையைக் கேட்டு நின்ற கோலத்தை எண்ணிப் பாருங்கள். படிப்பைத் தொடராமலே கேம்பிறிட்ஜை விட்டு வெளியேறினார். ஐரோப்பாவிலே சில காலம் அலைந்தார். பிரெஞ்சு, ஜேர்மன், இஸ்பானியம் முதலாய மொழிகளைத் தம் வசமாக்கினார். கண் போய்விடும் என்று அஞ்சியிருந்த ஒருவர் பின்னாளிலே தமக்கெனத் தெரிந்தெடுத்தது எதனை? உலகிலே கண்ணை மிகவும் வருத்தும் எழுத்துமுறைகள் இரண்டை. ஒரு கோடு நீண்டாலும் குறுகினாலும் பொருள் வேறுபடும் எழுத்துக்கள்; அவற்றையும் அவர் படித்தது பழைய மரக்கட்டை அச்சிலும் ஓவியங்களின் மூலையிலே சிவப்பு மையிற் பதித்த மங்கிய முத்திரைகளிலும். எனக்கு ஒரு கண்ணிற் புரை அகற்றியிருக்கிறார்கள். மாலையில் மேசைவிளக்கின் கீழே பதினெட்டுக் கோடுகள் கொண்ட ஓரெழுத்தைக் கண்ணாடி வைத்து எண்ணுகின்றபோது அவரை நான் நினைப்பதுண்டு.

1913இல் அவர் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலே அச்சுச் சித்திரப் பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தார். விரைவிலே கீழைத்தேயச் சித்திரங்களுக்குரிய பிரிவிலே லோறன்ஸ் பினியன் என்னும் கவிஞரின் கீழே பணி கிடைத்தது. சித்திரங்களைப் பெயர்வாரியாக ஒழுங்குபடுத்திப் பட்டியலாக்குவது வேலை. பார்ப்பதற்கு அது குமாஸ்தா வேலை. ஆனால் சீன யப்பானிய ஓவியரின் பெயரைப் பட்டியலிடுவதென்பது எத்துணை வில்லங்கமானது என்பதை, அவ்வெழுத்துக்களிலே சிறிது கைவைத்தவரே அறிவர். செஷ்ஷூ என்னும் யப்பானியப் பெரும் ஓவியர் (1420-1506) தம் பெயரை எழுதிய எழுத்துக்கள் இரண்டு: ஒன்று பனி, மற்றது படகு. யப்பானியன் அதனைச் செஷ்ஷூ என்பான்; அதே இரண்டு எழுத்துக்களைச் சீனன் கண்டாற் சுவேசோ என்பான். எழுத்து ஒன்று, ஆள் ஒருவர், பெயர் இரண்டு. போதாக்குறைக்கு ஓவியர்கள் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டும் இருந்தனர். ஹொக்குசாய் (1760-1849) முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களைப் பூண்டவர் என்பர். மொழி தெரியாதவன் கையிற் பட்டியல் அகப்பட்டால் ஒருவர் பலராவார், பலர் ஒருவராவர்.

ஆகவே மொழிகளைக் கற்பதென்று வேலி தீர்மானித்தார். கற்பிப்பார் எவருமில்லை. இலண்டன் கீழைத்தேய மொழிக் கல்விநிலையம் 1916இலே பட்டயம் பெற்று 1917இலேயே மாணாக்கரைச் சேர்க்கத் தொடங்கியது. யப்பானில் இருந்த ஆங்கில உத்தியோகத்தரும் போதகரும் முன்னர் எழுதிய சில கருவிநூல்கள் இருந்தன: அஸ்ரன் 1872இல் வெளியிட்ட எழுத்துமொழி இலக்கணம், சேம்பர்லின் 1899இல் வெளியிட்ட எழுத்துப் பயிற்சிநூல், பிறிங்க்லியின் 1896ஆம் ஆண்டு அகராதி. ஆனால் இவற்றை எழுதியவர்களைச் சுற்றி நாள்தோறும் யப்பானிய மொழி ஒலித்துக்கொண்டிருந்தது. வேலியைச் சுற்றி ஒலித்தது இலண்டன் வீதி.

தொடக்கநிலை மாணாக்கன் முன்னே நிற்பது யாது என்பதை இங்கே சொல்லவேண்டும். அல்லாவிடின் அவருடைய துணிவு விளங்காது. யப்பானிய எழுத்து மூன்று வகையின் கலவை. ஹிரகானா என்பது 46 அசையெழுத்துக்கள். கத்தகானா அதே ஒலிகளுக்குரிய மற்றுமொரு 46. நமக்கு இவை அச்சுறுத்தா. அ, இ, உ, எ, ஒ என்று உயிர்கள் தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை செல்லும். நெடுங்கணக்கு ஓதிய பிள்ளைக்கு இது வீட்டு முற்றம் போலே. வியப்பும் இல்லை, பௌத்த பிக்குகள் சமஸ்கிருத எழுத்து நெறியைக் கற்றதன் பயனாக எழுந்த வரிசை அது. ஹகரம் நிற்குமிடம் நமது பகரத்துக்குரிய இடம். பழங்காலத்தில் அது பகரமாகவே ஒலித்தது என்று மொழிநூலார் கூறுவதை வாசித்த அன்று, புதையல் கண்டவன் போல மனைவியை அழைத்துச் சொன்னேன். அவள் அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாவது வகை சீன எழுத்து. அதனைக் கன்ஜி என்பர்; நம் காதிலே கஞ்சி என்றுதான் விழும், ஆனால் குடித்து முடிக்கக்கூடிய கஞ்சியன்று. பொதுப் பாவனைக்கென யப்பானிய அரசாங்கம் 2010இல் வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்துக்கள் உள்ளன. தொகை பெரிதாயிருப்பது மட்டும் இடர் அன்று. மலையைக் குறிக்கும் எழுத்தைத் தனியே கண்டால் யம என்று படிக்கவேண்டும்; அதுவே பூஜி மலையின் பெயரோடு சேர்ந்தாற் சன் ஆகும். முன்னது யப்பானியரின் சொந்தச் சொல். பின்னது சீனரிடம் எழுத்தோடு கூட வாங்கிய ஒலி. உயிர், பிறப்பு, பச்சை என்னும் பொருள்களிலே வரும் ஓரெழுத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட வாசிப்புக்கள் உண்டு. எதனை எங்கே வாசிப்பது என்பதைப் பக்கத்திலே நிற்கும் எழுத்துச் சொல்லும்; பக்கத்து எழுத்தை வாசிக்க இந்த எழுத்து உதவவேண்டும். நான் முதன்முதலில் மயங்கி விழுந்த பள்ளம் இதுதான்.

இனி 1919ஆம் ஆண்டு நூலுக்கு வருகிறேன். 'யப்பானியக் கவிதை: உத்தா' என்று பெயர், ஒக்ஸ்பேட் பதிப்பகம் வெளியிட்டது. அதற்குள் வேலி பெயர் பெற்றிருந்தார். 1916இற் சீனக் கவிதை மொழிபெயர்ப்புக்கள் சிலவற்றைச் சொந்தச் செலவிற் சில பத்துப் பிரதிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்கியிருந்தார். 1918இல் வந்த 'நூற்றெழுபது சீனக் கவிதைகள்' இலக்கிய உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆனால் உத்தா நூல் வேறு வகையானது. உத்தா என்பது 5, 7, 5, 7, 7 என ஐந்தடிகளில் 31 அசை கொண்ட குறும்பா. மூலச் செய்யுளை உரோம எழுத்திலே தந்து, சொல்லுக்குச் சொல் பொருள் காட்டி, இலக்கணக் குறிப்பும் சொற்பட்டியலும் சேர்த்திருக்கிறார். அழகிய ஆங்கிலக் கவிதையாக்கி வாசகனை மகிழ்விப்பது நோக்கமன்று. இந்தப் பாக்களை மொழிபெயர்க்கவே முடியாது, மூலத்திற் படித்தாலன்றி இன்பமில்லை, ஆகவே வாருங்கள் படிக்கலாம் என்பது நோக்கம். சில மாதங்கள் என்னும் அந்தக் கணக்கு வருவது இந்நூலின் முன்னுரையிலேதான்.

முதலில் என் சினத்துக்கு ஒரு நியாயம் கிடைத்தது. உரோம எழுத்திலே தந்துவிட்டார் அல்லவா! மலை யமவா சன்னா என்னும் வழக்கே எழவில்லை. கோட்டையின் மதிலை இடித்துவிட்டு உள்ளே நுழைவது எளிது என்று சொல்வது போன்றது இது. ஆயினும் நூலுக்குள்ளே போகப்போக வேறொன்று புலப்பட்டது. பழைய யப்பானியப் பாக்கள் காதுக்காக எழுந்தவை. சீன எழுத்து அவற்றின் மேலாடை. அப்பாக்களிலே ஒரு சொல் இரு பொருளில் நின்று, முன்னடிக்கு ஒன்றும் பின்னடிக்கு ஒன்றுமாகத் திரும்பும். மட்சு என்றாற் பைன் மரம். மட்சு என்றாற் காத்திருத்தல். மலையிலே பைன் மரம் நிற்கக் கரையிலே காதலி காத்திருப்பாள், சொல் ஒன்றே. மாலை என்று ஒருமுறை சொல்லிப் பொழுதையும் பூந்தொடையையும் ஒருங்கே சுட்டுவது நம் புலவர்க்குக் கைவந்த கலை. எழுத்திலே பார்த்தால் இரண்டும் இரண்டு உருவம், ஒலியிலேதான் ஒன்று. ஆகவே உரோம எழுத்து இந்த இடத்தில் மதிலை இடிக்கவில்லை, வாயிலைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியவனானேன். அவர் போதும் என்று சொன்னது இந்தப் பாக்களுக்கு மட்டுமே. செய்தித்தாள் படிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சேர்த்து வாசித்தேன்.

1921இல் 'யப்பானின் நோ நாடகங்கள்' வந்தது. அதனை விதந்து பேச வேறொரு கட்டுரை வேண்டும், விட்டுச் செல்கிறேன். அவருடைய பெயரை நிலைநாட்டியது கென்ஜி கதை.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவைப் பெண்மணி முரசாக்கி சிக்கிபு எழுதிய 54 அத்தியாயக் கதை அது. அக்காலத்திலே சீன எழுத்தும் சீனப் புலமையும் ஆடவர் உடைமை. பெண்கள் ஹிரகானாவிலே எழுதினர்; அதற்குப் பெண்கை என்றே பெயர். ஆடவர் சீனத்தைப் பார்த்து எழுதிய ஏடுகள் இன்று ஆராய்ச்சியாளர் கையில் மட்டும் இருக்க, பெண்கள் வீட்டுமொழியில் எழுதியவை உலகின் உடைமையாயின. எழுத்து எளிது என்றால் வாசிப்பு எளிதோ? அங்கேதான் முட்டுக்கட்டை. வாக்கியம் பக்கக்கணக்கில் நீளும். எழுவாய் இராது. பாத்திரங்களுக்குப் பெயர் இராது. பதவி மாறுந்தோறும் ஒரே ஆள் வெவ்வேறு பட்டத்தால் அழைக்கப்படுவான். செய்தவர் யார் என்பதை வினைமுற்றின் மரியாதைத் தரத்தைக் கொண்டே ஊகிக்கவேண்டும்.

இவ்விடத்திலே தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. வந்தான், வந்தார், எழுந்தருளினார் என்னும் மூன்றையும் கேட்டால், எழுவாய் இல்லாமலே வந்தவர் வேலைக்காரரா, பெரியவரா, சுவாமியா என்று நம் குழந்தையும் சொல்லும். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுவதும் நமக்குப் பழக்கமானவையே. இவ்வொற்றுமைகளைக் கொண்டு தமிழும் யப்பானியமும் உறவுமொழிகள் என்று நாட்ட முயன்ற பேராசிரியர் ஓனோ சுசுமு (1919-2008) யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழறிஞரின் துணையோடு பல்லாண்டு உழைத்தார். மொழிநூலாரிற் பெரும்பாலோர் அவர் முடிபை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாதிருக்கட்டும். படிப்பவனுக்கு இந்த வாக்கிய நடை பெரிய உதவி. வேலிக்கு இவ்வுதவியும் இல்லை. அவருடைய தாய்மொழியிலே அரசனும் வருகிறான், ஆண்டியும் வருகிறான், வினையிற் பேதமில்லை.

1882இலே சுவேமட்சு கென்சோ என்னும் யப்பானியர் முதல் 17 அத்தியாயங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அது எவரையும் அசைக்கவில்லை. வேலி தம்முடைய நூதனசாலை வேலை போக எஞ்சிய நேரத்தில் ஆறு பாகங்களாக 1925 தொடங்கி 1933 வரை வெளியிட்டார். முதற் பாகத்தை வேர்ஜீனியா வுல்வ் மதிப்புரை எழுதி வரவேற்றார். வேலி மொழிபெயர்த்த முறையைப் பற்றி அவரை அறிந்தவர்கள் சொல்லியிருப்பது கவனித்தற்குரியது. ஒரு பகுதியைப் பொருள் தெளியும்வரை திரும்பத் திரும்பப் படிப்பாராம். பின்னர் மூலத்தை மூடிவைத்து ஆங்கிலத்தில் எழுதுவாராம். எழுதி முடித்தபின் ஒப்பிட்டுப் பார்த்துச் சாரம் சரியாயிருந்தால், ஒரு சொல் கூடியதையும் குறைந்ததையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவாராம்.

இம்முறையால் வந்த குறைகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. 38ஆம் அத்தியாயத்தை அவர் மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டார். பல இடங்களைச் சுருக்கினார்; சில இடங்களில் மூலத்தில் இல்லாத அழகைத் தாமே சேர்த்தார். பிழைகளும் உள. சைடென்ஸ்ரிக்கர் 1976இலும் ரைலர் 2001இலும் செய்த முழு மொழிபெயர்ப்புக்கள் மூலத்துக்கு மிக நெருங்கியவை என்பது அறிஞர் துணிபு. ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் அந்த 38ஆம் அத்தியாயம் உறுத்துகிறது. வீட்டுவேலையிலே ஒரு கணக்கை விட்டுவிட்டு வந்த கெட்டிக்காரப் பிள்ளையைப் போல. என்றாலும் யப்பானிய எழுத்தாளர் மசமுனே ஹக்குச்சோ, தம் நாட்டுப் பேரிலக்கியம் சுவையானது என்பதைத் தாம் வேலியின் ஆங்கிலத்தைப் படித்தே உணர்ந்ததாக 1933இல் எழுதினார். வேலியின் ஆங்கிலத்தையே மீண்டும் யப்பானியத்தில் மொழிபெயர்த்த பதிப்பு ஒன்று 2017 முதல் 2019 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. மூலத்தின் நாட்டிலேயே மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு!

இவ்வளவும் செய்தவர் யப்பானுக்குப் போனதில்லை. சீனாவுக்கும் போனதில்லை, ஆசியாவின் மண்ணையே மிதித்ததில்லை. 1929இன் இறுதியில் நூதனசாலையை விட்டபின் எழுத்தையன்றி அவருக்கு வேறு கட்டுப்பாடு இருக்கவில்லை. புகழுக்குக் குறைவில்லை, அழைப்பாருக்கும் குறைவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குப் பலரும் பல காரணம் கூறுவர். முரசாக்கியின் யப்பான் கப்பலேறிச் சென்றடையும் இடத்தில் இல்லை என்று அவர் கருதியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஓலைச்சுவடியிற் காணும் பூம்புகாரைத் தேடி இன்றைய கடற்கரைக்குப் போகிறவன் எதைக் காண்பான்? எனினும் இதிலே ஓர் இழப்பும் உண்டு. உயிருள்ள மனிதர் வாயில் உலாவும் மொழியை அவர் ஒருபோதும் தம் அன்றாட உடைமையாக்கிக்கொள்ளவில்லை. கண்ணால் மட்டும் கற்ற மொழி அது. அதுவும் ஒற்றைக் கண்ணால்.

நம் நாட்டுக்கு அவர் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். 1918இலே வேலிக்கு அறிமுகமாகி, பின்னர் அவரோடு வாழ்ந்த பெரில் டி சூற் அம்மையார் நடனக்கலை ஆய்வாளர். தென்னிந்திய நடனம் பற்றி 1953இலும், இலங்கையின் நடனமும் சடங்கு நாடகமும் பற்றி 1957இலும் அவர் எழுதிய நூல்கள் நம் கலை வரலாற்று மாணாக்கர் கைக்கொள்ளத்தக்கவை. ஒரே வீட்டில் இருவர்: ஒருவர் ஊரூராய்த் திரிந்து கண்ணாற் கண்டதை எழுதினார்; மற்றவர் நாற்காலியை விட்டு எழாமல் ஆயிரம் ஆண்டுக்கு அப்பால் நடந்ததை எழுதினார்.

இரண்டாம் உலகப்போரிலே வேலிக்கு வந்த வேலை விசித்திரமானது. தகவல் அமைச்சிலே, யப்பானிய மொழியில் அனுப்பப்படும் செய்திகளைத் தணிக்கை செய்யும் பணி. கென்ஜியைப் படித்த கண் தந்திகளைப் படிக்கவேண்டியதாயிற்று. பிரித்தானியாவில் யப்பானியம் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே என்பது அப்பொழுதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. யப்பானியம் கற்பிக்கப் பல ஆண்டுகள் வேண்டும் என்று வல்லுநர் கைவிரிக்க, ஓய்வுபெற்ற கடற்படைக் கப்டன் ரக் என்பவர் 1942 பெப்ரவரியிலே பெட்பேட் நகரில் ஆறுமாத வகுப்பைத் தொடங்கினார். வந்தவர் பெரும்பாலும் வேலியைப் போலவே கிரேக்கமும் இலத்தீனும் கற்ற பல்கலைக்கழக இளைஞர். ஆறு மாதத்திலே அவர்கள் யப்பானியக் கடற்படைச் செய்திகளைப் படிக்கத் தொடங்கினர். அவர்களுட் சிலர் கொழும்பிலிருந்த அன்டர்சன் கடற்படை நிலையத்துக்கும் அனுப்பப்பட்டனர். பேசக் கேட்டால் விளங்காது, ஒரு தேநீர் கேட்டு வாங்கவும் முடியாது. ஆனால் தமக்கு வேண்டிய அந்த ஒரு வகை எழுத்தைப் படித்தனர். சில மாதம் என்னும் கணக்கு அங்கே பலித்தது. இரு பழைய மொழிகளை இளமையிலேயே உடைத்து உள்ளே பார்த்தவனுக்கு மூன்றாவது மொழி பூட்டிய பெட்டியன்று. பூட்டின் வகை அவனுக்குத் தெரியும். வேலி முன்னுரை எழுதும்போது தம்மைப் போன்ற ஒருவனையே வாசகனாக எண்ணினார். என் போன்றவனை எண்ணவில்லை என்று அவரோடு வழக்காட முடியுமா?

ஆனால் என் போன்றவர்களும் அவரால் உருவாயினர். 1940இலே நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையொன்றிலே மலிவு விலைக்குக் கிடந்த கென்ஜி கதையை, மலிவு என்ற ஒரே காரணத்துக்காக 49 சதம் கொடுத்து வாங்கினான் ஒரு பதினெட்டு வயது மாணவன். போர்ச் செய்திகள் மனத்தை அரித்த நாளில் அந்த நூலுக்குள் ஒதுங்கினான். அவனே பின்னாளில் யப்பானிய இலக்கிய வரலாற்றைப் பல பாகங்களில் எழுதிய டொனால்ட் கீன். முதுமையிலே யப்பானியக் குடியுரிமை பெற்று 2019இல் தோக்கியோவில் இறந்தவர். வேலி போகாத நாட்டிலே அவருடைய வாசகர் அடக்கமானார்.

பின்னைய ஆண்டுகளில் வேலிக்கு விருதுகள் வந்தன: 1953இல் கவிதைக்கான அரசியாரின் பொற்பதக்கம், 1959இல் யப்பானிய அரசின் விருது. அவற்றை விடப் பெரிதாக எனக்குப் படுவது, அறுபது வயதை அடுத்த காலத்திலே அவர் யப்பானின் வடபுலத்து அயினு மக்களின் மொழியைக் கற்று அவர்தம் காவியம் ஒன்றின் பகுதியை 1951இல் மொழிபெயர்த்தது. அந்த வயதிலே மீண்டும் அரிச்சுவடி!

பெரில் அம்மையார் நீண்ட நரம்பு நோயால் வாடி 1962இல் மறைந்தார். அவரைப் பேணியதில் வேலியின் ஆண்டுகள் பல கழிந்தன. அதன்பின் இலண்டனின் வடபுறத்து ஹைகேற் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1966இன் தொடக்கத்தில் வாகன விபத்தொன்றில் முதுகெலும்பு அடிபட்டது. பார்த்தபோது அங்கே புற்றுநோயும் இருப்பது தெரிந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், நெடுங்காலத் தோழியான அலிசன் அம்மையாரை மணந்துகொண்டார். யூன் 27ஆந் திகதி காலமானார். ஹைகேற் மயானத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

உத்தா நூலின் என் பிரதி நண்பர் ஒருவர் தந்த நிழற்படப் பிரதி. ஓரங்கள் அகலமாக இருக்கின்றன. ஒவ்வொரு பாவையும் உரோம எழுத்திலே படித்து, பொருள் பிடிபட்டபின், அதனை ஹிரகானாவில் ஓரத்திலே பென்சிலால் எழுதுகிறேன். துணிவு வந்த நாளில் ஓரிரு சீன எழுத்துக்களையும் சேர்ப்பேன். பிழை என்று பின்னர் தெரிந்தால் அழித்தெழுத வசதியாகவே பென்சில். இரண்டு ஆண்டுகளாகின்றன. நேற்றுப் பைன் மரம் வந்தது. காத்திருப்பவளும் கூடவே வந்தாள். அகராதியைத் திறக்கவில்லை.